தறுகண்மையும் வஞ்சமும்: சடுகுடுக் களத்தின் அறவரலாறு

கருவந்துறைக் கல்

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் நடுகல் ஒன்று உள்ளது. பெத்தநாயக்கன்பாளையத்தை அடுத்த கருவந்துறையில் கிடைத்த கல் அது. திமில் பருத்த காளை ஒன்றும் அதனை எதிர்கொள்ளும் வீரன் ஒருவனும் அதில் செதுக்கப் பெற்றுள்ளனர். சங்கன் என்பவன் கருவந்துறையில் எருது விளையாடி இறந்துபட்டான் என்றும், அவன் மகன் பெரியபயல் அக்கல்லை நட்டான் என்றும் அதன் எழுத்துகள் கூறுகின்றன. அக்கல்லில் மன்னன் பெயர் இல்லை; போர் இல்லை; மீட்கப்பட்ட ஆநிரையும் இல்லை. விளையாட்டு ஒன்றும் மரணம் ஒன்றும் மட்டுமே உள்ளன.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் நடுதலின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. போரில் வீழ்ந்தோர்க்கு உரிய அச்சிறப்பை விளையாடி வீழ்ந்தவனுக்கும் கொங்கு மண் வழங்கியிருக்கிறது. விளையாட்டைப் போருக்கு நிகராகக் கருதிய மக்கள், போருக்கு வகுத்த அறத்தை விளையாட்டுக்கும் வகுத்தார்களா? வன்மைக்கும் வஞ்சத்துக்கும் இடையே அவர்கள் எங்கே கோடு கிழித்தார்கள்? காவிரிக் கரையின் ஊர்களில் பொங்கல்தோறும் மின்னொளிக் கபடிப் போட்டிகள் நடந்துவரும் இந்நாளிலும் இவ்வினாக்கள் உயிரோடு இருக்கின்றன.

ஆமூர் மல்லனும் இருசார் மக்களும்

உடலோடு உடல் பொருதும் விளையாட்டைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் புறநானூற்றின் 80 முதல் 85 வரையிலான பாடல்கள் தலையாயவை. தித்தன் மகனான போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றான். அதனைச் சாத்தந்தையார் பாடினார், நக்கண்ணையார் பாடினார்.

சாத்தந்தையார் பாடல் வெற்றியைப் பொதுவாகப் புகழ்ந்து அமைவதன்று. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருந்ததையும், மற்றொரு கால் அவன் முயலும் உபாயங்களைத் தடுத்துப் பின்புறம் வளைத்திருந்ததையும் அவர் பிடிபிடியாகக் காட்டுகிறார். பசியுற்ற யானை மூங்கிலை வளைத்து ஒடிக்கும் காட்சி உவமையாகிறது. மல்லனின் வலிமையும் அப்பாடலில் குறைத்துச் சொல்லப்படவில்லை. வீழ்ந்தவன் பெருவலி உடையவன் என்பதனாலேயே வென்றவன் பெருமை பெறுகிறான்.

நக்கண்ணையார் காட்டுவது களத்தை அன்று, களத்தைச் சூழ்ந்த மக்களை. வந்து பொருபவனுக்கு அது சொந்த ஊரும் அன்று, நாடும் அன்று. ஆகவே கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு சார். இல்லை என்கிறது மறுசார். அவளோ சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தன் இல்லத்துப் பனையைப் பொருந்தி நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணாலேயே காண்கிறாள். உள்ளூர்க் கூட்டத்தின் சார்பு, வெளியூர் ஆட்டக்காரனின் தனிமை, கண்டதைக் கண்டவாறு சொல்லும் ஒரு சாட்சி ஆகிய மூன்றும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்பாற் புலவரின் பாட்டில் ஒருங்கே அமைந்துவிட்டன. இன்றும் உடற்போர் விளையாட்டுகளின் நேர்மை இம்மூன்றைச் சுற்றியே சுழல்கிறது.

தறுகண்ணின் கூர்மை

வீரத்தின் கடுமையைக் குறிக்கத் தமிழில் அமைந்த அரிய சொல் தறுகண். அஞ்சாமை அதில் உண்டு. இரக்கமற்ற கடுமையும் அதில் உண்டு. படைச்செருக்கு அதிகாரத்தின் மூன்றாம் குறளில் வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார். பகைவர்மேல் காட்டும் தறுகண்மையைப் பேராண்மை என்பர் என முதலில் கூறுகிறார். அடுத்து, அப்பகைவனுக்கு ஒரு கேடு நேர்ந்தவிடத்து அவனுக்கு உதவும் ஊராண்மையே அப்பேராண்மையின் கூர்மை என்கிறார்.

இக்குறளில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கடுமையும் உதவியும் எதிரெதிர்ப் பண்புகளாக இங்கு வைக்கப்படவில்லை. கடுமை ஒரு படைக்கலம் என்றால், வீழ்ந்தவனுக்கு உதவுதல் அதன் முனை. உதவும் உள்ளம் இல்லாத கடுமை முனை மழுங்கிய வேலைப் போன்றது. பெரிதாகத் தோன்றும், ஆனால் பயன்படாது. வன்மையைக் குறைத்துக்கொள்ளுமாறு வள்ளுவர் எவ்விடத்தும் கூறவில்லை. அதனைக் கூராக்கிக்கொள்ளுமாறே கூறுகிறார்.

வெண்ணிப் போர் இதற்கு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. கரிகாலனோடு பொருத சேரமான் முதுகிற் புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். மார்பை ஊடுருவிய வேல் முதுகுவழி வெளிப்பட்டதனால் உண்டான புண் அது என்று உரைப்போரும் உளர். எவ்வாறாயினும், அந்நிலையில் வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனை நோக்கிப் பாடினார். வெற்றியைப் புகழ்ந்தார், உடனே, தோற்று வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்றும் வினவினார். வெற்றிக் களிப்பின் நடுவில், வென்றவன் முகம் நோக்கி, தோற்றவனின் பெருமையைச் சொல்லும் துணிவு ஒரு புலவருக்கு இருந்தது. அதைக் கேட்கும் பொறுமை ஓர் அரசனுக்கும் இருந்தது.

மூச்சே முறை

இவ்வறம் நாட்டுப்புற விளையாட்டில் எவ்வாறு இறங்கிற்று என்பதைச் சடுகுடு காட்டுகிறது. சடுகுடு, பலிஞ்சடுகுடு, கபடி எனப் பெயர் பலவாயினும் ஆட்டம் ஒன்றே. மண்ணில் கிழித்த நடுக்கோடு; இருபுறமும் இரு குழு. ஒருவன் பாடிக்கொண்டே எதிர்ப்புலம் புகுகிறான். தொட்டு மீண்டால் அவனுக்கு வெற்றி. பிடித்து நிறுத்தினால் எதிரணிக்கு வெற்றி. கருவியில்லை, கவசமில்லை, காலணிகூட அன்று இல்லை. உடலும் மூச்சும் மட்டுமே.

உலகின் விளையாட்டுகளுள் பாடினால் மட்டுமே ஆடலாம் என்னும் விதி உடையவை மிகச் சில. பாடி வருதல் என்றே நம் ஊர்கள் அதனை வழங்கின. சடுகுடு என்னும் ஒலியை மட்டுமன்றி, எதுகை மோனை இயைந்த சிறு பாட்டுகளையும் ஊர்தோறும் இளைஞர் கட்டிப் பாடிச் சென்றனர். எதிரியை எள்ளும் வரிகளும், தன் ஊரைப் புகழும் வரிகளும் அவற்றில் இருந்தன. பாட்டு அறுந்த கணத்தில் ஆட்டமும் அறும். ஒரே மூச்சில் போக வேண்டும்; அதே மூச்சில் திரும்ப வேண்டும்.

இவ்விதியில்தான் சடுகுடுவின் நேர்மை குடிகொண்டிருந்தது. பாட்டின் நடுவே சொல்லை இழுப்பதுபோல் காட்டி மூச்சைத் திருட்டுத்தனமாக வாங்குதல் எளிது. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட ஐயமாகவே இருக்கும். உறுதியாக அறிந்தவன் பாடி வருபவன் ஒருவனே. ஆகவே அவ்விதியின் முதற்காவலன் அவன் நெஞ்சு. பிடிப்பவருக்கும் இதே சோதனை உண்டு. வந்தவனின் வாயைப் பொத்திவிட்டால் பாட்டு நின்றுவிடும். பிடியின் வலிமையால் பெற வேண்டிய வெற்றியைக் கைத்தந்திரத்தால் பெற்றுவிடலாம். மண்ணை அள்ளிக் கண்ணில் இறைத்தல், குடுமியைப் பற்றுதல், நகத்தால் கீறுதல் ஆகியனவும் இவ்வகையினவே.

இவற்றுக்கெல்லாம் ஊர் இட்ட பெயர் அழுகுணி ஆட்டம். இச்சொல் ஆராயத்தக்கது. வஞ்சமாக ஆடுபவனைக் கொடியவன் என்றோ முரடன் என்றோ ஊர் அழைக்கவில்லை. அழுபவன் என்று அழைத்தது. தோல்வியைத் தாங்கும் வலிமை இல்லாதவனே வஞ்சத்தை நாடுகிறான் என்பது இச்சொல்லின் உட்பொருள். பிற்காலத்தில் சிலர் நேர்மையற்ற ஆட்டத்தை ஆண்மையின் மிகுதியாக மதித்தனர். தமிழ் மக்களின் பேச்சுவழக்கோ அதனை வலிமையின் குறைவாகவே கணக்கிட்டது. வள்ளுவரின் முனை மழுங்கிய வேலும் ஊர்ச் சிறுவரின் அழுகுணி ஆட்டமும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள்.

எழுதப்பட்ட விதிகள்

நெஞ்சும் ஊரும் காத்த முறையைத் தாளில் எழுதவேண்டிய காலம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மராட்டிய மண்ணில் தொடங்கிய அம்முயற்சி 1923ஆம் ஆண்டு பரோடாவில் நடந்த அனைத்திந்தியப் போட்டியில் வடிவம் பெற்றது. அந்நாளில் மூவகை ஆட்டம் வழங்கியது. ஆட்டமிழந்தவர், தம் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தும்போது உயிர்பெற்று மீளுவது சஞ்சீவினி. ஏழு பேரும் வீழும்வரை எவரும் மீளாதது காமினி. எவரும் வெளியேறாமல் புள்ளி மட்டும் எண்ணப்படுவது அமர். இன்று உலகம் ஆடுவது சஞ்சீவினியின் வழிவந்த ஆட்டமே. வீழ்ந்தவன் மீண்டும் எழுவான் என்பதை விதியாகவே கொண்ட ஆட்டம் நிலைபெற்றது சிந்திக்கத்தக்கது.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் கபடியை ஆடிக்காட்டியது. 1938இல் கல்கத்தாவில் நடந்த இந்திய ஒலிம்பிக் போட்டிகளில் அது இடம்பெற்றது. 1950இல் அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆடவர்க்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையிலும், மகளிர்க்கான முதற்போட்டி 1955இல் கல்கத்தாவிலும் நடைபெற்றன. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று.

விதிநூலைப் புரட்டினால் அதில் ஓர் அறவரலாறு மறைந்திருப்பதைக் காணலாம். பாடி வருபவரைக் கை, கால், உடல் ஆகியவற்றைப் பற்றியே பிடிக்க வேண்டும். முடியைப் பற்றலாகாது, உடையைப் பற்றலாகாது, வாயைப் பொத்தலாகாது. இரு கால்களால் கத்தரிபோல் பின்னிப் பிடித்தலாகாது. களத்துக்கு வெளியே வேண்டுமென்றே தள்ளலாகாது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் அணியலாகாது, பிடி வழுக்கும்படி எண்ணெய் பூசலாகாது. இத்தடைகள் ஒவ்வொன்றும், எங்கோ ஒரு களத்தில் எவரோ ஒருவர் செய்த ஒரு செயலின் சுவடு. எவரும் செய்யாததை எவரும் தடுப்பதில்லை.

விதியை மீறுவோர்க்கு இன்று பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று அட்டைகள் உள்ளன. பச்சை எச்சரிக்கை, மஞ்சள் இரண்டு நிமிட விலக்கு, சிவப்பு ஆட்டத்திலிருந்தே நீக்கம். மூச்சின் அளவாக இருந்த காலம் முப்பது நொடி என வரையறுக்கப்பட்டது. பாட வேண்டும் என்னும் விதி இன்றும் உள்ளது. ஆயினும் கடிகாரம் வந்தபின் நெஞ்சின் வேலை குறைந்தது. இழப்பும் உண்டு, ஆக்கமும் உண்டு. மூச்சைத் திருடினானா இல்லையா என்ற பூசலால் ஊரோடு ஊர் பகைத்த நிலை மறைந்தது ஆக்கம். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பயிற்சி ஒன்று குன்றியது இழப்பு.

கடல் கடந்த ஒரு களம்

வன்மையும் வஞ்சமும் கலந்தால் என்ன நேரும் என்பதை அறிய, கபடிக்குப் பல வகையில் உறவான மற்றோர் ஆட்டத்தை நோக்குதல் தகும். அமெரிக்கக் கால்பந்து எனப்படும் அவ்வாட்டத்தில் கால் சிறுபங்கே பெறும். பந்தைக் கையில் ஏந்தி எதிர்ப்புலத்துள் புகுவதும், புகுபவனைப் பிடித்து வீழ்த்துவதுமே அதன் உயிர். நம் ஆட்டத்தில் வெற்றுடல். அவர்கள் ஆட்டத்தில் தலைக்கவசமும் தோட்காப்பும். கவசம் உடலைக் காக்கும் என்பதே எண்ணம். ஆனால் அக்கவசமே மோதும் கருவியாகவும் மாறியது.

1905ஆம் ஆண்டில் மட்டும் அவ்வாட்டத்தில் 18 பேர் உயிரிழந்ததாக அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். வன்மையான ஆட்டத்தை விரும்பியவர் அவர். ஆட்டத்தை ஒழிக்க அன்று, காக்கவே அழைத்தார். மறு ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டன; பந்தை முன்னோக்கி எறியும் முறை அனுமதிக்கப்பட்டு, நெருக்கித் திரண்டு மோதும் நிலை தளர்ந்தது.

தொழில்முறை ஆட்டம் வளர்ந்தபின் கடுமை விலைபோகும் பண்டமாயிற்று. 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஓக்லாந்தில், பருவத்துக்கு முந்தைய ஒரு முன்னோட்டப் போட்டியில், நியூ இங்கிலாந்து அணியின் டேரில் ஸ்டிங்லி பந்தைப் பிடிக்கப் பாய்ந்தார். ஓக்லாந்து அணியின் ஜாக் டாட்டம் அவர்மீது மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு முறிந்தது. அந்நாள் முதல் 2007இல் இறக்கும்வரை அவர் கைகால் வழங்காதவராய்ச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். அம்மோதல் விதிமீறல் என்று நடுவர் எவரும் அறிவிக்கவில்லை. அன்றைய விதிப்படி அது குற்றமும் அன்று.

குற்றம் இல்லாத இடத்தில்தான் குறளின் இரண்டாம் அடி வினாவாக எழுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் டாட்டம் தம்மைக் கொலைஞன் என்று விளம்பரப்படுத்தும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். மருத்துவமனைக்குச் சென்றும் காண இயலாது போயிற்று என்று அவர் பின்னாளில் கூறினார். எனினும் 2010இல் அவர் இறக்கும்வரை இருவருக்கும் மனம் ஒன்றவில்லை. அதே ஓக்லாந்து அணியின் பயிற்றுநர் ஜான் மேடனோ எதிரணியின் வீரரைத் தேடி மருத்துவமனைக்குச் சென்றார். ஸ்டிங்லியின் நெருங்கிய நண்பராகவும் ஆனார். ஒரே அணி, ஒரே நாள், ஒரே நிகழ்ச்சி. அதில் தறுகண்மை ஒருவரிடமும் அதன் கூர்மை மற்றொருவரிடமும் பிரிந்து நின்றன.

2012ஆம் ஆண்டு வெளிப்பட்ட செய்தி இதனினும் கொடியது. நியூ ஆர்லியன்சு அணியில் 2009 முதல் 2011 வரை, எதிரணி வீரரைக் காயப்படுத்திக் களத்தைவிட்டு அகற்றுவோர்க்குப் பணம் தரும் வழக்கம் இருந்ததாக அவ்விளையாட்டின் தலைமை அமைப்பு அறிவித்தது. தலைமைப் பயிற்றுநர் ஷான் பேட்டன் அவ்வாண்டுப் பருவம் முழுமைக்கும் விலக்கப்பட்டார். வென்றவனுக்குப் பரிசில் தந்த உலகம் ஒருபுறம். வீழ்ந்தவனைத் தூக்கிச் செல்வதற்குப் பரிசில் தந்த உலகம் மறுபுறம். இரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவே வன்மைக்கும் வஞ்சத்துக்கும் உள்ள தொலைவு.

பொருளும் புகழும்

2014ஆம் ஆண்டு தொழில்முறைக் கபடி லீக் தொடங்கியபோது நம் ஆட்டமும் அதே வாயிலை அடைந்தது. மண்தரை மெத்தை விரிப்பாயிற்று. ஊர்த்திடல் ஒளிவெள்ள அரங்காயிற்று. ஏலத்தில் வீரர்க்கு விலை குறிக்கப்பட்டது. 2017இல் தமிழ் தலைவாசு அணி களமிறங்கியது. சிற்றூர் இளைஞர்க்கு ஆட்டம் வாழ்வாயிற்று என்பது பெரும்பேறு. அதனோடு, ஒரு முழங்கால் முறிவு ஒரு குடும்பத்தின் வருவாயை நிறுத்திவிடும் என்னும் நிலையும் வந்தது. கணுக்காற் பிடி, தொடைப்பிடி ஆகியன முறையான பிடிகளே. பிடித்தவன் ஒரு நொடி தாமதித்து விடும்போது, அல்லது விழுந்தவன்மேல் மேலும் ஒருவன் பாயும்போது, முறையான பிடியே முடமாக்கும் பிடியாகிறது. அந்த ஒரு நொடியை எந்த அட்டையாலும் முழுதும் அளந்துவிட முடியாது.

விதி தெளிவாக இல்லாதபோது நேர்வதை 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதிப்போட்டி காட்டியது. இந்தியாவும் ஈரானும் சமநிலையில் நின்ற இறுதி நிமிடங்களில், பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தொடாமல் எல்லைக்கு வெளியே கால் வைத்தார். அவரைப் பின்தொடர்ந்து ஈரான் வீரரும் வெளியேறினர். பழைய விதிப்படி ஒரு தீர்ப்பு, புதிய விதிப்படி மற்றொரு தீர்ப்பு. முடிவு பலமுறை மாறி, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33–29 எனத் தங்கம் வென்றது. அங்கு வீரர் எவரும் வஞ்சம் செய்திலர். எனினும் வெற்றியின்மேல் ஓர் ஐயம் படிந்தது. கூட்டத்தின் இருசார்ப் பேச்சுக்கு நடுவே கண்டதைக் கண்டவாறு சொல்லும் சாட்சி இல்லாத குறையே அது.

நேர்மையான தறுகண்மை நெடுநாள் நிற்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்தும் தொழில்முறைக் களத்தில் பிடிப்பவராக நின்றார். 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, 1995இல் அர்ச்சுனா விருது பெற்றார். ஊர்ப்பகையும் சாதிப்பகையும் சடுகுடுக் களத்தையும் விட்டுவைக்காத ஒரு காலத்தில் அவர் எழுந்து வந்தார். 2025இல் வெளிவந்த பைசன் காளமாடன் திரைப்படம் அவர் வாழ்வைத் தழுவியது. அதே ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா இந்திய மகளிர் அணியில் ஆடித் தங்கம் வென்றார். தறுகண் ஆண்பாற்கு மட்டும் உரிய சொல் அன்று என்பதற்கு இனியும் சான்று தேட வேண்டியதில்லை.

கோப்பையும் கல்லும்

2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த கபடிப் போட்டியில் இளைஞர் ஒருவர் பாடிச் சென்றார், பிடியில் வீழ்ந்தார், எழவில்லை. சேலத்துக் கல்லூரியொன்றில் பயின்றுகொண்டு, சேலத்திலேயே கபடிப் பயிற்சியும் பெற்றுவந்தவர் அவர். வென்ற கோப்பையையும் உடன் வைத்து அவரை அடக்கம் செய்தனர் என்று செய்தி வந்தது. அம்மரணத்துக்கு எவர் வஞ்சமும் காரணமாகச் சொல்லப்படவில்லை, நேர்ந்தது விபத்து. ஆயினும் கருவந்துறையில் மகன் தந்தைக்குக் கல் நட்டான். இங்கோ பெற்றோர் மகனோடு கோப்பையைப் புதைத்தனர். முறை தலைகீழாகிவிட்டது.

வன்மையான ஆட்டத்தில் விபத்தை முற்றும் ஒழிக்க இயலாது. ஒழிக்கத்தக்கது வஞ்சம், குறைக்கத்தக்கது அசட்டை. மருத்துவர் இல்லாத திடல், நகம் பாராத நடுவர், மயங்கி விழுந்தவனைச் சுற்றிக் காற்றுப் புகாமல் மொய்க்கும் கூட்டம் ஆகியனவும் ஒருவகை விதிமீறலே. அவற்றுக்கு அட்டை காட்டுவோர்தாம் இல்லை.

குமாரபாளையத்தின் தறிக்கூடங்களில் ஒரு நடைமுறை உண்டு. ஓடும் தறியில் ஓர் இழை அறுந்தால், எவ்வளவு அவசரத் துணியாயினும் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடி முடிந்த பின்பே மீண்டும் ஓட்டுவர். நிறுத்தாமல் ஓட்டினால் துணி வளரும். குறையும் உடன் வளரும். பகலில் தறியில் நிற்கும் இளைஞரே இரவில் களத்திலும் நிற்கின்றனர். தறி கற்பித்த இவ்வறம் களத்துக்கும் பொருந்தும்.

விழா மேடைகளில் வாழ்த்துப் பாடவும் பரிசு வழங்கவும் இன்றும் புலவர்களும் கவிஞர்களும் அழைக்கப்படுகின்றனர். சிங்கம், புலி, சூறாவளி என வென்றவர்க்கு அடுக்கும் அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆமூர்க் களத்தில் கூட்டத்தின் கூச்சலை விடுத்துத் தன் கண்ணை நம்பியவள் ஒரு புலவர். வெண்ணிக் களத்தில் வென்றவனிடம் தோற்றவனின் பெருமையைக் கூறியவளும் ஒரு புலவர். பிடித்து வீழ்த்தியவனை மட்டுமன்று, வீழ்த்தியபின் கைநீட்டித் தூக்கிவிட்டவனையும் பெயர் சொல்லிப் பாடும் மரபு மேடையில் மீண்டும் தொடங்குமாயின், விதிநூல் எட்டாத அந்த ஒரு நொடியைப் பாட்டு எட்டும். பாடினால் மட்டுமே ஆடலாம் என்பது சடுகுடுவின் விதி. பாடுவோர் என்ன பாடுகிறார்களோ அதைப் பொறுத்தே ஆட்டமும் அமையும்.